தலைக்கு மேல் உப்பு

கண்ணம்மா எதற்குத்தான் பயப்படவில்லை? குக்கர் விசிலுக்குப் பயந்து கடைசிவரை சோறு வடித்தே போட்டாள். ஆவடி ஸ்டேஷனில் மின்சார ரயில் உள்ளே வருவதற்கு முன்பே பிளாட்பாரச் சுவரோடு ஒட்டிக்கொள்வாள். பல்லி கத்தினால் பயம், கத்தாமல் இருந்தால் எங்கே போயிற்றோ என்று பயம். ராணுவ டாங்கி செய்யும் ஃபேக்டரியின் குவார்ட்டர்ஸில் இருந்த காலத்தில், சோதனைக்காக டாங்கி ஓட்டும் சத்தம் கேட்கும்போதெல்லாம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். அவள் கணவர் குணசேகரன் அதே ஃபேக்டரியில் லேத்தில் இரும்பு கடையும் டர்னர். அவருக்கோ பெண்டாட்டியின் பயம் என்பது சினேகிதர்களுக்குச் சொல்லிச் சிரிக்க ஒரு நல்ல விஷயம். இப்படி ஊரே சிரித்துப் பழகிவிட்டதால், உண்மையாகவே பயப்பட வேண்டிய ஒன்று வந்தபோது அவளை யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

பருத்திப்பட்டு ஏரிக்கு இந்தப் பக்கம் ஃபேக்டரிக்காரர்கள் சிலர் சேர்ந்து ஒரு வீட்டுச் சங்கம் வைத்து மனை வாங்கியிருந்தார்கள். எண்பத்தேழில் அந்தச் சங்கத்துக்கு ஒரு யோசனை வந்தது. கரண்டு அதிகம் தின்னாத வீடு கட்ட வேண்டும், கத்திரி வெயிலிலும் ஃபேன் போடாமல் உட்காரக்கூடிய வீடாக இருக்க வேண்டும். அதற்காகப் பக்தவத்சலம் என்று ஓர் இன்ஜினியரை அழைத்து வந்தார்கள். ஒல்லியான மனிதர், மென்மையாகப் பேசுவார், சட்டைப்பையில் பேனாவோடு ஒரு தெர்மாமீட்டரும் வைத்திருப்பார். செங்கல்லைக் குத்தாக நிறுத்தி நடுவில் காற்றுக்கு இடம் விட்டுச் சுவர் எழுப்பலாம் என்றார். கூரையில் கம்பி கட்டி கான்கிரீட் தளம் போட்ட பிறகு, அதன்மேல் மண்பானைகளை வரிசையாகக் கவிழ்த்து, இடுக்குகளில் சுண்ணாம்புக் கலவை நிரப்பி, எல்லாவற்றுக்கும் மேலே தட்டோடு என்கிற தட்டை ஓடுகளைப் பதிக்கலாம் என்றார். பானைக்குள் அடைபட்ட காற்று வெயிலைக் கீழே இறங்க விடாது என்பது அவர் கணக்கு.

முதலில் ஒரே ஒரு வீடு கட்டுவது. அதில் ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் கழிய வேண்டும். பிறகு அவர் வந்து பார்த்து, இது உறுதியானது, குளிர்ச்சியானது என்று சர்டிபிகேட் கொடுத்தால்தான் மற்றவர்களும் அதே மாதிரி கட்டிக்கொள்ளலாம். யார் வீட்டை முதலில் கட்டுவது என்று சங்கத்தில் கேட்டபோது எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நம் குணசேகரன் மட்டும் கையைத் தூக்கினார்.

“தலைக்கு மேல வெறும் பானையக் கவுத்து வெச்சிக்கினு எப்டிங்க தூங்கறது?” என்று கண்ணம்மா அன்று சாயங்காலமே கேட்டாள்.

“வெறும் பானை இல்லடி. உள்ள காத்து கீது.”

“காத்து கண்ணுக்குத் தெரியுதா?”

“சாருக்குத் தெரியுது. அது போதும்” என்று சொல்லிவிட்டு அவர் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

அவள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. வெறுங்குடத்தோடு ஒருத்தி எதிரே வந்தால், திரும்பிப் போய் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் புறப்படுகிற ஜனங்கள் நாம். புதுவீட்டு வாசலில் நிறைகுடம் வைப்பவர்கள். அப்படியிருக்க, கூரை முழுக்க வெறும் பானை, அதுவும் கவிழ்த்த பானை! அதற்குக் கீழே படுத்து, சாப்பிட்டு, கல்யாணம் கார்த்திகை பார்க்க வேண்டும் என்றால் யாருக்குத்தான் மனசு ஒப்பும்? அதைவிட அவளைப் பயமுறுத்தியது வேறொன்று. அவளுடைய ஒரே மகள் நாகவல்லியைக் காஞ்சிபுரத்தில் கட்டிக் கொடுத்திருந்தது. இரண்டு முறை கரு தங்காமல் போயிருந்தது. மறுபடி தங்கினால் பிரசவத்துக்கு இந்த வீட்டுக்குத்தான் வருவாள், இந்தப் பானைகளுக்குக் கீழேதான் படுப்பாள்.

யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். பானை வெறுமையாக இருந்தால்தானே தோஷம்? ஏதாவது ஒன்றை உள்ளே வைத்துவிட்டால்? நெல் வைத்தால் எலி வரும், அரிசி வைத்தால் எறும்பு வரும். புதுவீட்டுக்குள் எது முதலில் போகும்? உப்பு. உப்பு லட்சுமி, கெடாது, எதுவும் அதைத் தின்னவும் தின்னாது. இவ்வளவு சுலபமாக முடிந்ததே என்று அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

தை மாதத்தில் கூரைமேல் பானை அடுக்கினார்கள். மேஸ்திரி வேம்புலியும் ஆட்களும் மத்தியானச் சாப்பாட்டுக்கு இறங்கிப் புளியமரத்தடிக்குப் போன நேரம் பார்த்து, கண்ணம்மா கல்லுப்பு மூட்டையோடு ஏணியில் ஏறினாள். உயரம் என்றால் கால் நடுங்குகிறவள் அன்றைக்கு எப்படி ஏறினாளோ, அந்த ஏரிக்கரை அம்மனுக்கே வெளிச்சம். கலவை இன்னும் போடவில்லை. ஒவ்வொரு பானையாகத் தூக்கி, கீழே தளத்தின் மேல் ஒரு கை உப்பை வைத்து, மறுபடி அதன்மேல் பானையைக் கவிழ்த்தாள். வரிசையில் பாதி முடிவதற்குள் வேம்புலி வெற்றிலையை மென்றுகொண்டு மேலே வந்துவிட்டார்.

“இன்னாம்மா பண்ணிக்கினு கீற?”

“வெறும் பானை ஆவாது வேம்புலி. அதான் ஒரு கை உப்பு.”

வேம்புலி ஒரு பானையைத் தூக்கி அடியில் எட்டிப் பார்த்தார். “மெய்தாம்மா. எனக்கும் மன்சு ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. இஞ்சினீரு சொன்னா நாம இன்னா பேசறது? போடு போடு, நல்லதுதான்” என்றார். மிச்சமிருந்த பானைகளை அவரே தூக்கிப் பிடித்தார், அவள் உப்பை வைத்தாள்.

கலவை போட்டு, தட்டோடு பதித்து, வைகாசியில் பால் காய்ச்சிக் குடிபோனார்கள். சும்மா சொல்லக்கூடாது, வீடு குளுகுளுவென்றுதான் இருந்தது. வெளியே தார் ரோட்டில் செருப்பு ஒட்டிக்கொள்ளும். உள்ளே வந்து சிமென்ட் தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது. பக்தவத்சலம் உச்சி வெயிலில் வந்து ஹாலில் தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டுப் பார்த்தார், பக்கத்துத் தெருவில் சாதாரணமாகக் கட்டிய ஒரு வீட்டிலும் பார்த்தார், திரும்பி வந்து குணசேகரனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அதிலிருந்து குணசேகரனைக் கையில் பிடிக்க முடியவில்லை. தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டு ஹாலில் நிறுத்தி, “ஃபேன் ஓடுதா பாருங்க. ஃபேனே இல்ல!” என்பார். ஃபேனுக்காகத் தளத்தில் விட்டிருந்த கொக்கி சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

புரட்டாசியில் நாகவல்லிக்குப் பையன் பிறந்தான். தாயும் சேயும் சுகமாக வீட்டுக்கு வந்தார்கள். ஃபேன் இல்லாத அந்தக் கொக்கியில் பழைய நூல் புடவையில் தூளி கட்டினார்கள். குழந்தை அதில் அயர்ந்து தூங்குவதைப் பார்த்துப் பார்த்துக் கண்ணம்மா பூரித்துப்போனாள். அந்தப் பூரிப்பில் வாய் சும்மா இருக்கவில்லை. அடுத்த மனைக்கார லூர்தம்மாளிடம் உப்பு ரகசியத்தைச் சொல்லிவிட்டாள். லூர்தம்மாளின் கணவர் ராயப்பனும் அதே ஃபேக்டரிதான். கோடையில் இவர்கள் வீட்டுக் குளிர்ச்சியைப் பார்த்துவிட்டு, சர்டிபிகேட்டுக்குக்கூடக் காத்திராமல் அவரும் அதே மாதிரி கட்ட ஆரம்பித்திருந்தார்.

“நல்ல வேலை செஞ்சக்கா” என்றாள் லூர்தம்மாள், குழந்தையின் காலைத் தடவிக்கொண்டே. “எங்க கோயில்லகூட ஃபாதர் உப்பு மந்திரிச்சுத் தருவாரு. ஊட்டு மூலைல போட்டா ஒண்ணும் அண்டாது.”

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஏரி நிரம்பி, தவளைச் சத்தம் காதைத் துளைத்தது. மழை தொடங்கிச் சில நாட்களுக்குப் பிறகு, ஹாலைப் பெருக்கிக்கொண்டிருந்த கண்ணம்மா இடுப்பை நிமிர்த்தும்போது மேலே பார்த்தாள். கூரையின் அடிப்பக்கத்தில் வெள்ளையாக ஒரு வட்டம் பூத்திருந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று, அதற்கடுத்து இன்னொன்று. மேலே பானைகள் எப்படி வரிசையாக இருந்தனவோ, அப்படியே கீழே வட்டங்கள் வரிசையாக இருந்தன. ஸ்டூலைப் போட்டு ஏறி, ஒரு வட்டத்தை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். கரித்தது. அவளுக்குப் பயம் வந்தது. ஆனால் அது எதற்கான பயம் என்று அவளுக்கே அப்போது தெரியவில்லை.

மழை கொஞ்சம் விட்டிருந்த ஒரு காலையில் அது தெரிந்தது. குழந்தையின் துணிகளைக் கொடியில் உலர்த்திக்கொண்டிருந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் ராயப்பன் வீட்டுக்குத் தளம் போட ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. பக்தவத்சலம் அங்கே தொட்டியில் இருந்த தண்ணீரைக் கையில் அள்ளி வாயில் விட்டு, தூ என்று துப்பினார். அந்த மென்மையான மனிதர் அப்படிக் கத்துவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

“இந்தத் தண்ணி எங்க எடுத்தீங்க?”

“அந்தாண்ட கெணறு சார்” என்றார் வேம்புலி. “லாரி வர லேட்டாவுது. லைட்டாதான் கரிக்குது.”

“லைட்டா! உப்பு கான்கிரீட்டுக்குள்ள போனா என்ன ஆகும் தெரியுமா உங்களுக்கு? உள்ள இருக்கிற கம்பியைத் தின்னும். துருப்பிடிச்ச கம்பி ஊதிப் பெருக்கும். பெருத்தா கான்கிரீட்டைப் பிளந்துக்கிட்டு வரும். ஒரு நாள் கீழ படுத்திருக்கிறவன் தலைமேல பாளம் பாளமா விழும். கொட்டுங்க அந்தத் தண்ணியை. ஒரு செங்கல்கூட அதுல நனையக் கூடாது.”

கண்ணம்மாவின் கையிலிருந்த துணி சேற்றில் விழுந்தது. அதை எடுக்க வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. திறந்திருந்த ஜன்னல் வழியாக உள்ளே தூளி ஆடுவது தெரிந்தது. அதற்கு மேலே கொக்கி, கொக்கிக்கு மேலே தளம், தளத்துக்கு மேலே அவள் தன் கையால் வைத்த உப்பு.

இன்ஜினியர் ஸ்கூட்டரில் கிளம்பிப் போன பிறகு வேலியோரம் வேம்புலியைக் கூப்பிட்டாள்.

“வேம்புலி, சார் சொன்னதக் கேட்டல்ல. நம்ம பானைக்குள்ள...”

வேம்புலியின் முகம் செத்துப்போயிற்று. சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, “அது மேல கீதும்மா. கம்பி உள்ள கீது. நடுவுல சிம்ட்டி கீது. அதுக்கும் இதுக்கும் இன்னா சம்மந்தம்?” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “சாராண்ட மட்டும் சொல்லிடாதம்மா. நானும் பானையத் தூக்கிக் குடுத்தேன். என் பொயப்பு பூடும்” என்றார்.

அவர் தைரியம் சொன்ன விதத்தில் அவளிடம் இருந்த கொஞ்சநஞ்ச தைரியமும் போய்விட்டது.

அன்றிலிருந்து அவளால் வீட்டுக்குள் தலை நிமிர்ந்து நடக்கவே முடியவில்லை. மேலே காக்கை நடந்தால்கூட உடம்பு தூக்கிப் போட்டது. சோறு இறங்கவில்லை. ஒவ்வொரு மழைக்கும் வட்டங்கள் பெரிதாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. ஒருநாள் கொக்கியைச் சுற்றி மட்டும் வெள்ளைக்கு நடுவே பழுப்பாக ஒரு கறை தெரிந்தது. துருவின் நிறம் அது. டர்னர் பெண்டாட்டிக்குத் துருவைத் தெரியாதா? அவருடைய காக்கிச் சட்டையில் எத்தனை முறை அந்தக் கறையைத் தேய்த்திருக்கிறாள்.

தூளியில் குழந்தையைப் போட்டால் போதும், ஏதாவது சாக்குச் சொல்லி எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விடுவாள். அங்கே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்தான், பானை கிடையாது. ஒரு நாள் கொசு என்றாள், இன்னொரு நாள் தூளி ஆட்டினால் குழந்தைக்குத் தலை சுற்றும் என்றாள். மார்கழிக் குளிரில் புழுக்கமாக இருக்கிறது என்று சொன்னபோது நாகவல்லிக்குக் கோபம் வந்துவிட்டது.

“இன்னாம்மா ஆச்சு உனக்கு? ஊரே வந்து குளுகுளுன்னு கீதுன்னு சொல்லுது. உனக்கு மட்டும் புழுங்குதா? பனியில புள்ளைய வெச்சிக்கினு உக்காந்திருக்க. சளி புடிச்சா யாரு பாக்கறது?” என்று குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு போய் மறுபடி தூளியில் போட்டாள்.

கணவரிடம் சொல்லிவிடலாம் என்று ஒரு முறை துணிந்தாள். அவர் வாசலில் உட்கார்ந்து ஜன்னல் கம்பிக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். சர்டிபிகேட் கொடுக்க இன்ஜினியர் வரும் நாள் நெருங்கிக்கொண்டிருந்ததால் வீட்டைத் தினமும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“ஏங்க, மேல வெள்ள வெள்ளையா பூத்துக்கினு கீதே. எனக்கென்னமோ கூரை விழுந்துடும்போல கீதுங்க.”

குணசேகரன் பிரஷைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். “வானத்துலேர்ந்து ஸ்கைலாப் விழப்போவுதுன்னு பேப்பர்ல போட்டப்போ, வயசுப் பொண்ணையும் இழுத்துக்கினு கட்டிலுக்கு அடியில படுத்தவதானே நீ? விழுந்துச்சா? உன் தலைல விழுந்துச்சா?”

“இது அப்டி இல்லீங்க...”

“சுண்ணாம்பு பூத்துக்கீது. புது வீட்டுக்கு அதெல்லாம் இருக்கும். போய் டீ போடு.”

கூரை விழும் என்று சொல்வதற்கு அவளுக்கு வாய் வந்தது. அதற்குக் காரணம் நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. அவர் இந்த வீட்டைப் பார்க்கும் பார்வையைத் தினமும் பார்க்கிறாளே. யாரும் பெயர் சொல்லிப் பேசாத வாழ்க்கையில், அந்த மனிதர் முதல்முறையாகக் கையைத் தூக்கிய காரியம் இது. எழுந்து போய் டீ போட்டாள்.

ஃபேக்டரிக்கு விடுமுறையான இரண்டாவது சனிக்கிழமை காலையில் பக்தவத்சலம் வந்தார். சங்கத்து ஆட்கள் ஏழெட்டுப் பேர் அவரோடு வந்தார்கள், ராயப்பனும் லூர்தம்மாளும் வந்தார்கள். இன்ஜினியர் சுவர்களைத் தட்டிப் பார்த்தார், கதவு நிலைகளைப் பார்த்தார், கடைசியாக ஹாலில் நின்று அண்ணாந்து பார்த்தார். தூளியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. நாகவல்லி ஓரமாக உட்கார்ந்து கயிற்றை மெல்ல இழுத்துக்கொண்டிருந்தாள்.

“ஈரம் கொஞ்சம் இறங்கியிருக்கு” என்றார். “தட்டோட்டு இடுக்குல எங்கேயோ சின்ன விரிசல் இருக்கணும். பூசிடலாம். சுண்ணாம்பு பூக்கிறது சகஜம்தான்.”

சமையற்கட்டு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த கண்ணம்மாவுக்கு ஒரு கணம் உயிர் வந்தது. படித்தவர் சொல்கிறார், ஒன்றுமில்லை என்கிறார். அப்படியே விட்டுவிடலாமா? இன்றைக்கு வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டால், நாளைக்கு நாகவல்லியைக் காஞ்சிபுரத்துக்கு அனுப்பிவிடலாம். தானும் அவருமாக இந்தக் கூரைக்குக் கீழே எப்படியோ இருந்துகொள்ளலாம். அவள் மனசு இப்படிப் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது, லூர்தம்மாள் டம்ளர் எடுக்க உள்ளே வந்து அவள் காதோடு சொன்னாள்.

“அக்கா, இன்னிக்கி எங்க ஊட்டு மேல பானை அடுக்கறாங்க. நீ ஒரு கை தானே போட்ட? எங்க வூட்டுக்காரரு மூட்ட மூட்டையா வாங்கியாந்துட்டாரு. பானை கொள்ளற அளவுக்குப் போடச் சொல்லிட்டேன். வேம்புலிதான் மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கினு வேணாம் வேணாம்னு சொல்லிக்கினு கீறாரு. நான் உடுவேனா? நம்ம சங்கத்துப் பொம்பளைங்க அத்தன பேருக்கும் சொல்லிட்டேன். உன் பேரைச் சொல்லித்தான் எல்லாரும் போடப் போறாங்க.”

கண்ணம்மா அவளைப் பார்த்தாள். லூர்தம்மாளுக்கு மூன்று பிள்ளைகள். சங்கத்தில் எல்லோருக்கும் பிள்ளைகள். இந்தத் தெரு முழுக்க, ஒவ்வொரு கூரையிலும், தன் பெயரைச் சொல்லிப் போட்ட உப்பு. இத்தனை நாள் அவள் பயந்ததெல்லாம் இதற்கு முன்னால் பயமே இல்லை. கைப்பிடித் துணியைக் கீழே போட்டுவிட்டு ஹாலுக்குப் போனாள்.

பக்தவத்சலம் ஜன்னல் மேடையில் காகிதத்தை வைத்துப் பேனா மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“சார், கையெழுத்து போடாதீங்க.”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆண்கள் நடுவில் அவள் வாயைத் திறந்து அந்தத் தெருவில் யாரும் பார்த்ததில்லை.

“மேல ஒவ்வொரு பானைக்குள்ளயும் உப்பு கீது சார். நான்தான் வெச்சேன். வெறும் பானை ஆவாதுன்னு வெச்சேன்.”

யாரோ முதலில் சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். குணசேகரனும் சங்கடத்தோடு சிரித்து, “மனசுல வெச்சிக்காதீங்க சார். அதுக்குப் பயந்த சுபாவம். குக்கருக்கே பயப்படும்” என்றார். இன்ஜினியரும் புன்னகை செய்தார். “சாங்கியத்துக்கு ஒரு சிட்டிகை போட்டிருப்பீங்க அம்மா. அதனால ஒண்ணும் ஆகாது. கவலைப்படாதீங்க” என்று சொல்லிவிட்டுக் காகிதத்தின் மேல் குனிந்தார்.

கண்ணம்மா விறுவிறுவென்று வெளியே போனாள். வாசலில் தென்னங்கன்று வைக்கக் குழி தோண்டிய கடப்பாரை சுவரில் சாத்தியிருந்தது. அதை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள். “ஏய், ஏய், எங்கடி போற?” என்று குணசேகரன் கத்திக்கொண்டே பின்னால் ஓடி வருவதற்குள், ஹாலுக்கு மேலாக இருந்த தட்டோட்டில் கடப்பாரையை இறக்கிவிட்டாள். அவர் கையைப் பிடித்தார், உதறினாள். தாலி கட்டிய நாளிலிருந்து அவரை அப்படி உதறியதில்லை. ஓடு பெயர்ந்தது, அடியிலிருந்த சுண்ணாம்பு பெயர்ந்தது, பானையின் முதுகு தெரிந்தது. மொத்தென்று ஒரு குத்து. பானை உள்ளே சரிந்தது.

குணசேகரன் குனிந்து ஓட்டாஞ்சில்லுகளை விலக்கிப் பார்த்தார்.

“எங்கடி உப்பு?”

உப்பு இல்லை. கறுத்து நனைந்த தளம்தான் இருந்தது. கண்ணம்மா பக்கத்துப் பானையை உடைத்தாள். அதிலும் இல்லை. அதற்கடுத்ததையும் உடைத்தாள். அதற்குள் எல்லோரும் மேலே வந்து சுற்றி நின்றுவிட்டார்கள். ராயப்பன், “அண்ணிக்குக் கனவு வந்திருக்கும்” என்றார். சிரிப்பு கிளம்பியது. கண்ணம்மாவுக்கே ஒரு நிமிஷம் அப்படித்தான் தோன்றியது. உப்பு இல்லை! ஒருவேளை போடவே இல்லையோ, எல்லாம் தன் பயம்தானோ? இருக்கட்டும், அப்படியே இருக்கட்டும். இந்த ஊர் இருக்கிற வரைக்கும் தன்னைப் பார்த்துச் சிரிக்கட்டும். அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பக்தவத்சலம் மட்டும் சிரிக்கவில்லை. அவர் பேண்ட்டோடு மண்டியிட்டு, உடைந்த பானைக்கு அடியில் ஈரமாக இருந்த தளத்தை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். உடனே திரும்பித் துப்பினார். அடுத்த பானைக்கு அடியிலும் தொட்டு வைத்தார்.

“எவ்வளவு போட்டீங்க அம்மா?”

“பானைக்கு ஒரு கை சார்.”

“எல்லாப் பானைக்குமா?”

“எல்லாத்துக்கும் சார். வேம்...” என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள். “நான்தான் வெச்சேன்.”

அவர் தளத்தைப் பார்த்தபடியே இருந்தார். “அப்போ அவ்வளவும் எங்க போச்சு?” என்றார். அவர் யாரையும் கேட்டதாகத் தெரியவில்லை. சிரிப்பு நின்றுபோயிருந்தது. ஆட்கள் ஒவ்வொருவராகத் தங்கள் காலுக்குக் கீழே பார்த்தார்கள். ராயப்பன் மெதுவாக, பாதத்தை அழுத்தாமல் எடுத்து வைத்து, படிக்கட்டுப் பக்கம் போனார். படியின் தலைமாட்டில் நின்றிருந்த லூர்தம்மாள் வாயில் கையை வைத்துக்கொண்டாள். பிறகு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, “வேம்புலி! நிறுத்து! போடாத வேம்புலி!” என்று அலறியபடி தன் வீட்டைப் பார்த்து ஓடினாள்.

“உள்ளே எவ்வளவு தூரம் இறங்கியிருக்குன்னு இப்ப சொல்ல முடியாது” என்றார் பக்தவத்சலம், எழுந்து நின்று. அவர் குரல் பழையபடி மென்மையாகிவிட்டது. அதுதான் கேட்பதற்கு இன்னும் பயமாக இருந்தது. “கழுவிப் பார்க்கணும், கொத்திப் பார்க்கணும். தப்பிச்சாலும் தப்பிக்கலாம். ஆனா அந்தக் கொக்கி கம்பியோட சேர்த்துக் கட்டினது. அதைச் சுத்தி நான் பார்த்தது துரு. நான் ஈரக் கறைன்னு நினைச்சிட்டேன். அதுல இனிமே ஒரு கிராம் பாரம்கூடத் தொங்கக் கூடாது. முதல்ல குழந்தையை வெளியே எடுக்கச் சொல்லுங்க.”

கண்ணம்மா மாடி விளிம்புக்கு ஓடினாள். “நாகவல்லி! புள்ளைய எடுத்துக்கினு வெளிய வாடி! சீக்கிரம் வாடி!”

கீழே ஜன்னலிலிருந்து மகளின் குரல் அலுப்போடு வந்தது. “நீ மேல கண்டபடி இடிச்சதுல முழிச்சிக்கினான். இப்பதாம்மா ஆட்டி ஆட்டித் தூங்க வெச்சேன். சும்மா இரும்மா. எப்பப் பாரு எதுக்காவது பயந்துக்கினு.”

தூளி ஆடும்போது கொக்கி முனகுகிற சத்தம் நிற்கவில்லை. கண்ணம்மா மறுபடி கூப்பிட்டாள், மகள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அந்த வீட்டில் அவள் பயத்துக்கு இருந்த மதிப்பு அவ்வளவுதான்.

கத்தியது குணசேகரன். பேர்கூடச் சொல்லிக் கூப்பிடவில்லை, “எடுடீ!” என்று ஒரே ஒரு வார்த்தைதான். பாதியில் உடைந்து கீச்சென்று வந்த அந்தக் குரல் யாருடையது என்றே பக்கத்தில் நின்றவர்களுக்குப் புரியவில்லை. இருபத்தேழு வயதுவரை அப்பா பயந்து நாகவல்லி கேட்டதே இல்லை. தூளி நின்றது. அடுத்த நொடி, குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் வெறுங்காலோடு தெருவுக்கு ஓடி வந்து, திரும்பி மேலே தன் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.